ஆடு பறந்த சினிமா

விவேக் நகர், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்பும் அதட்டலும் சம அளவில் நிறைந்த கேத்தரின் அக்காவுக்கு, தம்பி தியோடர் பணிவுடன் எழுதிக்கொள்வது. குழந்தை இயேசுவின் இரக்கத்தால் நானும் குளோரியாவும் மகள் சிந்தியாவும் இங்கே சுகம். தங்கவயலில் நீயும் உன் முட்டிவலியும் கோழிகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னை எப்போது பேசவிட்டாய்? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை, சிந்தியாவுக்கு நீ பார்த்திருக்கும் ஓசூர் மாப்பிள்ளை ஃபிராங்க்ளினின் போட்டோவோடு புறப்பட்டு வருவதாகச் சொன்னாயே, வர வேண்டாம். சிந்தியா குணமாகிவிட்டாள். மாசக்கணக்காக ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை, டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்குவதற்கு மட்டும் வாயைத் திறந்த பிள்ளை, நேற்று பேசினாள், சாப்பிட்டாள். 'சோம்பேறித்தனம்டா, ஒரு நல்ல சிரிப்புப் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ, எல்லாம் சரியாயிடும்' என்று நீ சொன்ன வைத்தியம்தான். ஆனால் நீ நினைத்த மாதிரி நடக்கவில்லை.

கோரமங்களா பக்கம் ஒரு மாலில் வெளிநாட்டுப் படவிழா நடந்தது. போஸ்டரில் ஓர் ஆடு மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்தது. ஆடு பறந்தால் சிரிப்புப் படம்தானே? டிக்கெட் வாங்கிவிட்டேன். சிந்தியா வரமாட்டேன் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். குளோரியா சமையற்கட்டிலிருந்தே, "பரவால்ல, நீ தூங்கு. உங்க டாடி தனியா போவட்டும். போன தடவ எஸ்கலேட்டர்ல செருப்ப வுட்டுட்டு வெறுங்காலோட வந்தாரு, இந்தத் தடவ என்னத்த வுடுறாரோ" என்றாள். கொஞ்ச நேரத்தில் சிந்தியா தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பையே கட்டி மேய்த்த மனுஷனுக்கு மகள் துணை வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

படம் ஆரம்பித்தது. ஒருத்தி கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்க்கிறாள். பார்க்கிறாள், பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் ஓசியாகப் பார்ப்பதை இங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோமே, இடைவேளையில் இவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்று பார்த்தால் அந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது, எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், அந்தப் பக்கம் சிந்தியா கண் கொட்டாமல் பார்க்கிறாள். அப்புறம்தான் அக்கா, விஷயம் மெதுவாகப் பிடிபட்டது. அந்த உலகத்தில் பூமி தன் இழுக்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறது. முதலில் டம்ளரிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக மேலே போகிறது. பிறகு கோழி இறகு, பாத்திரம், அந்த ஆடு. கடல் துளித்துளியாக வானத்துக்கு ஏறுகிறது. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடவுள் உலகத்தைப் படைத்ததைத் திருப்பி ஓட்டிப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூமி பிளந்தது. படத்தில்தான். ஆனால் தியேட்டர்க்காரன் வைத்திருந்த ஸ்பீக்கருக்கு நாற்காலி அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, என் பல்செட்டும் அதிர்ந்தது. நாம் சாம்பியன் ரீஃப் சுரங்க லைன் வீட்டில் பிறந்தவர்கள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்து, அதுதான் நம் ஊர் 'பர்ஸ்ட்டு', வீடு குலுங்கினால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவதும், வாசலில் நின்று உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லி 'இருக்கியா' என்று கேட்பதும், 'இருக்கேன்' என்று குரல் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராததும் நமக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அடிபட்டதா, பயந்துட்டியா என்று யாரும் கேட்டதில்லை. இருக்கியா, அவ்வளவுதான். என் கால் என்னைக் கேட்காமலே எழுந்தது. "பர்ஸ்ட்டு, வெளிய வாங்க" என்று கத்தி, சிந்தியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைபாதை வெளிச்சத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால், என் கையில் இருந்தது குறட்டைப் பெரியவரின் கை. கஸ்தூரிரங்கனாம் அவர் பெயர். தூக்கம் கலையாமலே, "படம் முடிஞ்சுடுத்தா?" என்று கேட்டார். டார்ச் வைத்திருந்த ஆள் ஓடிவந்து, "ஏனாயித்து சார்?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பிள்ளை உள்ளே இருக்கிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டைப் பார்த்து, "சிந்தியா, இருக்கியா?" என்று குரல் கொடுத்தேன். சனங்கள் உஸ் உஸ் என்றார்கள். நான் நகரவில்லை. இரண்டாம் முறையும் கேட்டேன். அப்போது உள்ளேயிருந்து, அத்தனை மாசமாக நாங்கள் கேட்காத குரல், தெளிவாக வந்தது.

"இருக்கேன் டாடி. வந்து உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்த்தேன். சனங்களெல்லாம் மேலே போகிறார்கள், அலறுகிறார்கள். படுத்திருந்தவள் மட்டும் போகவில்லை. அவள் உடம்பு அவ்வளவு கனம். அவளைத் திட்டினவர்கள், எழுந்திரு எழுந்திரு என்று உயிரை எடுத்தவர்கள், எல்லோரும் அவள் கட்டில் காலில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பட்டம் மாதிரி ஆடுகிறார்கள். ஊரே அவளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அவள் முகத்தில் பயமே இல்லை. திரை அப்படியே வெளுத்துப் போய்ப் படம் முடிந்தது. கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நான் பாதிரியார் போன பிறகும் பூசையில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே தள்ளுவண்டியில் மசால் பூரி வாங்கினேன். தின்றுகொண்டே அவள் சொன்னாள்: "சோம்பேறித்தனம் இல்ல டாடி. அந்தப் பொண்ணு மாதிரி, கனமா இருக்கு. கைய தூக்கறதுக்கே." நானும் நாள் தவறாமல் வாக்கிங் போ, வாக்கிங் போ என்று பாடியிருக்கிறேனே அக்கா. இன்னொரு பிளேட் சொன்னேன். அதையும் சாப்பிட்டாள். மசால் பூரிக்கு இன்னும் கொஞ்சம் காரம் கேட்கிற பெண்ணை வியாதிக்காரி என்று யார் சொல்ல முடியும்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை பயணத்தை நிறுத்திவிடு. ஃபிராங்க்ளின் வேறு இடம் பார்க்கட்டும்.

உன் கோழிகளை நாய் தொடாமலும், உன் முட்டி மழைக்கு முன் வலிக்காமலும், உன் நாக்கு கொஞ்சம் ஓய்ந்தும் இருக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. குளோரியா தன் ஸ்தோத்திரங்களைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
தியோடர்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் சிந்தியாவின் அறையை எட்டிப் பார்த்தேன். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. குணமாகிவிட்டாள் என்று எழுதியதை அடித்துவிடு. வராதே என்று எழுதியதையும் அடித்துவிடு. வா அக்கா. போட்டோவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. "அத்தைய வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "வரட்டும் டாடி. வந்து, பேசாம பக்கத்துல படுத்துக்கட்டும்."