வக்கீல் மொன்றோயின் பெயரில்லாப் பொத்தான்கள்

'எல்லோரும் வாருங்கள்' என்று கையை விரித்து அழைப்பவர்கள் ஓர் இனம். அழைப்பதோடு சரி. வருகிறவர் எப்படி வந்து சேர்வார் என்பதை மட்டும் யோசிக்க மாட்டார்கள். எல்லா ஊரிலும் இவர்கள் உண்டு. பர்ராங்கியாவில் நன்றாகக் கொழுத்து வளர்ந்தவர் வக்கீல் பல்தசார் மொன்றோய்.

கெட்டவரா? சேச்சே! கல்யாண வீடு, சாவு வீடு, கார்னிவல் ஊர்வலம், எங்கே யார் எதிர்ப்பட்டாலும் கையைப் பிடித்துக் குலுக்கி, "எளியவங்களுக்காகத்தான்யா நான் சட்டமே படிச்சேன்" என்று கண்கலங்கி, கலங்கிய கண்ணோடேயே தம் வலைத்தள முகவரியையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அந்தத் தளத்தில் படங்கள் ஒன்றையொன்று துரத்தும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்துகள், கஞ்சியில் போட்ட உப்பைப்போல் இருக்கும் இடம் தெரியாது. அவரே மூக்கைத் திரையில் உரசித்தான் படிப்பார். ஆனாலும் என்ன, அழகு!

ஒரு மத்தியானம் ஒதிலியா பெர்தோமோ வந்தார். வானொலியில் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர், பார்வையில்லாதவர். கூடவே அவருக்கு வழிகாட்டும் நாய் மோரோ. 'நாயை அனுப்பு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்' என்று வீட்டுக்காரர் தொன் எலியாசர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

"அடடா, இந்த வெயில்ல ஏம்மா அலையிறீங்க? நம்ம தளத்துலயே நேரம் குறிச்சிருக்கலாமே! பாக்கலியா?"

"பாக்கல வக்கீலய்யா, கேட்டேன். நீங்களும் கேளுங்க."

ஒதிலியா செல்பேசியை உயர்த்தினார். திரையில் இருப்பதை அது உரக்க வாசித்தது: "படம். படம். படம். பெயரில்லாத பொத்தான். பெயரில்லாத பொத்தான்."

காத்திருந்த கட்சிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"இதுல எதை அமுக்கினா நீங்க வருவீங்க, எதை அமுக்கினா ஓடிப்போவீங்க?"

இந்த இனத்தார் வாக்குக் கொடுப்பதில் கஞ்சர்கள் அல்லர். "நாளைக்கே சரி பண்றேன்!" என்றார். பண்ணினார். தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் ஒன்றைப் பெரிதாக ஒட்டி, பூரிப்போடு ஒதிலியாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"இப்ப எப்படிம்மா?"

"முன்னைவிட ஒரு படம் கூடியிருக்கு. நான் எதிர்த்தெரு வக்கீலம்மாகிட்ட போறேன். அவங்க தளம் பாக்க அசிங்கமாம். ஆனா பேசுது."

சுருக்கென்று தைத்தது. மொன்றோய் அறைக்கதவைச் சாத்தி, கழுத்துப்பட்டியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, செல்பேசியைத் தம் தளத்தை வாசிக்கவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். தட்டினார், திட்டினார், வியர்த்தார். மொன்றோயைச் சந்திக்க மொன்றோயாலேயே நேரம் குறிக்க முடியவில்லை!

அதன்பிறகுதான் வேலை உண்மையாக நடந்தது. பொத்தான்களுக்குப் பெயர் வைத்தார்கள். எழுத்துகள் கறுத்துப் பெருத்தன. படங்கள் ஓட்டத்தை நிறுத்தின. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினார்கள். தம் படத்துக்கு 'கம்பீரமான வக்கீல்' என்று அவரே எழுதிக்கொண்டார். சரிபார்த்துத் தரச் சம்மதித்த ஒதிலியா, "வழுக்கைய எங்கய்யா ஒளிச்சீங்க? என் தங்கச்சி எப்பவோ சொல்லிட்டா" என்றார். விளக்கத்தில் வழுக்கையும் ஏறியது.

புதிய தளத்தின் வழியே முதலில் வந்தவர் யார் தெரியுமா? தொன் எலியாசர்! பார்வை மங்கிய கிழவர்.

"உங்க எழுத்துதான்யா என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஒரு நாயை விரட்டணும்."

எந்த நாய் என்று மொன்றோய்க்குத் தெரியாதா?

"தொன் எலியாசர், சட்டம் நாய் பக்கம். அதுவும் போக, கண் இப்படியே போனா, நாளைக்கு உங்களுக்கும் ஒரு நாய் வேணும். பேசாம மோரோகிட்ட சிநேகம் பிடிங்க."

கிழவர் முறைத்தார், முனகினார், கடைசியில் தலையாட்டினார். ஒதிலியா வீட்டிலேயே இருக்கிறார். மோரோவும்தான்.

சிரித்தீர்கள் அல்லவா, வாசகரே? நல்லது. உங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ ஒரு தளம் இருக்குமே? கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். வெளியே வர வழி கிடைத்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.