ஹெல்மெட்டின் பூர்விகம்

தலை வழுக்கையா, நரையா, சுருட்டையா என்று ஒருவருக்கும் தெரியாத மனிதர் நாமக்கல் மாவட்டத்திலேயே எங்கள் தெரு ஹெல்மெட் ஒருவர்தான். கட்சிக்கொடி இல்லாத போராட்டக்காரர். மொபெட்டை விட்டு இறங்கினாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். மறியலிலும் கழற்ற மாட்டார். போண்டா சாப்பிட முன்கண்ணாடியை மட்டும் உயர்த்துவார். குளிக்கும்போதும் அப்படித்தான் என்று தெருவில் கிளப்பிவிட்டவன் நான். பார்த்ததில்லை, பொறாமையில் சொன்னேன்.

நான் தெரு நலச் சங்கச் செயலாளர். சாக்கடைக்கு மூடி கேட்டுப் பதினோரு வருஷமாக நகராட்சிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதியவன். உயர்திரு என்று ஆரம்பித்து, தாழ்மையுடன் என்று முடியும் அழகான கடிதங்கள். ஹெல்மெட் குடிவந்த மூன்றாம் வாரமே பிளாஸ்டிக் நாற்காலியைச் சாக்கடைக்குள் இறக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் அதிகாரி வந்தார். ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தாமலே முழங்கினார். ஒரு வார்த்தையும் புரியாத அதிகாரி பயந்துபோய் எல்லாவற்றுக்கும் சரி என்றார். நாலே நாளில் மூடி வந்தது. தெருவே கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் இன்னும் மோசம்.

"ஏனுங்க, நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க. அவரு போயி உக்காந்தாரு, வேல முடிஞ்சுது," என்றாள் என் மனைவி, சுடச்சுட அரிசிம்பருப்புச் சோற்றை அவருக்காகத் தூக்குப்போசியில் நிரப்பியபடி. எனக்குப் பழைய சோறு.

ஆண்டுக் கூட்டத்தில் அவரையே செயலாளராக்கிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அதற்குள் ஆளின் பூர்விகத்தைத் தோண்டிவிடுவது என்று இறங்கினேன். எதிர்வீட்டு லாரி பாடி பட்டறைக்காரர் துணைக்கு வந்தார். கோழிப்பண்ணை வைத்து நொடித்தவர் என்றேன் நான். உளவுத்துறை என்றார் அவர். கவுன்சிலர் சீட்டுக்கு அடிபோடுகிறார் என்றேன். காதல் தோல்வி என்றார்.

எங்கள் பக்கம் ஒருவரின் பூர்விகம் வேண்டுமென்றால் குலதெய்வம் எங்கே என்று கேட்டால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் பங்காளி வரைக்கும் போய்விடலாம். பட்டறைக்காரர் போய்க் கேட்டார்.

"உங்களுக்குக் குலதெய்வம் எங்கீங்க?"

"அது கெடக்குதுங்க. உங்க பட்டற முன்னால தெருவிளக்கு எத்தன நாளாங்க எரியல?"

மறுநாள் பட்டறைக்காரர் நகராட்சி வாசலில் அவரோடு நின்று கோஷம் போட்டார். கொடுமை என்னவென்றால், அவர் தலையிலும் ஒரு ஹெல்மெட்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஹெல்மெட் சேந்தமங்கலம் போவது தெரியும். அவர் கண்ணில் படாமலிருக்க, ஒரு புதன்கிழமை நான் பஸ் ஏறினேன். ஹெல்மெட் போட்டவருக்கு இந்த ஊர்தானே என்று அங்கே டீக்கடை அக்காவிடம் நைசாக விசாரித்தேன்.

"ஹெல்மெட்காரருங்களா? தண்ணிக் கொழாய்க்காகக் கொடத்தோட வந்து ரோட்டுல உக்காருவாருங்க. நாமக்கல்காரருன்னுல்ல நெனச்சோம்!"

"நாமக்கல்லுல இப்ப இருக்கற தெருவுக்கு எதுக்கு வந்தாராமா?"

"அவரே சொன்னாருங்க. ஏதோ வேலையா நகராட்சி ஆபீசுக்குப் போனாராமா. மேச ஆடாம இருக்க, காலுக்கடியில ஒரு கட்டு கடுதாசி வெச்சிருந்தாங்களாமா. எடுத்துப் பாத்தா, ஒரே சாக்கடைக்கு ஒரே மனுசன் பதினோரு வருசமா எழுதுனதாமா. இந்த மனுசன் ஒத்தையில கெடந்து மல்லுக்கட்டறாரேன்னு அந்தத் தெருவுலயே ஊடு புடிச்சுட்டாராமா. அந்த மனுசன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்றேன். கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஹெல்மெட் கடைசி வரிசையில் இருந்தார். செயலாளர் பதவிக்கு அவர் பெயரை நானே முன்மொழிந்தேன். அவர் பதறி எழுந்து மறுத்துப் பேசினார் என்று நினைக்கிறேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் ஒருவருக்கும் புரியவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டிவிட்டோம்.

பட்டறைக்காரர் என் காதில் கிசுகிசுத்தார். "சேந்தமங்கலம் போனீங்களே, துப்பு கெடச்சுதுங்களா? ஆளு யாருங்க?"

"எனக்குச் சொந்தக்காரருங்க," என்றேன்.

இப்போது நான் எழுதுகிறேன், அவர் அதை எடுத்துக்கொண்டுபோய் நகராட்சியில் உட்காருகிறார். தூக்குப்போசியையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போகிற வழியெல்லாம் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. சொந்தக்காரர் என்றால் அதெல்லாம் இருக்கும்தானே.