காய்ச்சல் கண்ட கூடை

மிருகங்களோடு பேசும் டாக்டரைப் பற்றி ஒரு குடும்பச் சிரிப்புப் படம் வந்தது. ஊரே குழந்தை குட்டிகளோடு போய்ச் சிரித்துவிட்டு வந்தது. அடுத்த மாதமே கடைத்தெரு மாடியில் ஒருவன் பலகை மாட்டினான்: 'மிருக மொழி டாக்டர்.' படத்தைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம் இங்கே பயபக்தியோடு படியேறியது. நாய், பூனை, கிளி, ஒரு ஆமை. ஆமை மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்காவது விவேகம் இருந்தது.

தையல்காரரின் நாய் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. டாக்டர் அதன் காதில் முணுமுணுத்தார். கண்ணை மூடினார்.

"உங்க மச்சினன் வீட்ல இருக்கிற வரைக்கும் தட்டுல வாய வைக்க மாட்டேங்குது."

தையல்காரர் நேரே வீட்டுக்கு வந்தார். "மாப்ள, வேற இடம் பாத்துக்க. நாயே சொல்லிருச்சு."

மச்சினன் இஸ்திரி போடுகிறவன். அந்த வீட்டு முன்னறையில்தான் அவன் மேசை, பிழைப்பு, படுக்கை எல்லாம்.

"நாலு வருஷமா என்னப் பாத்து வாலாட்டுச்சே மாமா, அப்பல்லாம் சொல்லலியா? சரி, அங்க நீங்க யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"சீட்டு எழுதுற பொண்ணு கேட்டுச்சு, வீட்ல யாரோட மனஸ்தாபம்னு. உன்னத்தான் சொன்னேன்."

"அப்ப பேசினது நாயில்ல மாமா. நீங்க."

மறுநாள் துணி மூடிய கூடையோடு, மாமாவையும் இழுத்துக்கொண்டு மாடியேறினான். சீட்டுப் பெண்ணிடம் மூக்கை உறிஞ்சினான்.

"பூனைம்மா. எங்கண்ணன் செத்ததுலேர்ந்து முடங்கிக் கெடக்கு. தொறந்தா மேல பாயும்."

அவனுக்கு அண்ணனே கிடையாது.

டாக்டர் கூடைமேல் உள்ளங்கையை வைத்தார். "அடடா! காய்ச்சல் கொதிக்குதே! அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு கதறுது."

"வேற என்ன சொல்லுது சார்?"

"பால்கூட வேணாமாம்."

இஸ்திரிக்காரன் துணியை உருவினான். உள்ளே, பத்துச் சட்டை தேய்த்த சூடு ஆறாமல், இஸ்திரிப் பெட்டி.

வரிசையில் நின்ற ஆமைக்காரர்தான் முதலில் சிரித்தார். டாக்டர் மிருக மொழியோடு மனித மொழியும் மறந்து பின்படி வழியாக இறங்கினார்.

நாயை நிஜமான கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் அதனிடம் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லில் மாட்டிக் கிடந்தது தையல்காரரின் கோட்டுப் பொத்தான். சாயங்காலம் நாய் தட்டை வழித்து நக்கிவிட்டு, இஸ்திரி மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது.

ஒரு பொத்தானை விழுங்க முடியாமல் நாய் நாலு நாள் பட்டினி கிடந்தது. மாடியேறிய நீங்களோ அந்தப் பலகைக்காரன் சொன்னதை நாலே நொடியில் விழுங்கினீர்கள். அடுத்த தடவையாவது கொஞ்சம் மென்று பாருங்கள் ஐயா. பல் இருக்கிறதல்லவா?