மேடையில் மழை பெய்யலாமா?

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. தங்கள் தங்கை உடம்பளவில் நலம், என்னோடு பேசுவதில்லை. தங்கள் முழங்கால் வலி தேவலையா? தேவலை என்றால் உடனே கிளம்பி வரவும். தேவலை இல்லை என்றாலும் வரவும்.

இதற்கெல்லாம் ஆரம்பம் தாங்கள்தான் என்பதைக் கோபமில்லாமல் நினைவூட்டுகிறேன். டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, வீட்டில் சும்மா உட்காராதீர்கள், ஊருக்கு ஏதாவது செய்யுங்கள் என்று தாங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருக்கும் ஹாலுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே திங்கட்கிழமை நாடக மன்றம், புதன்கிழமை பிரார்த்தனை சபை, வெள்ளிக்கிழமை தண்ணீர் சேமிப்புச் சங்கம். எந்தக் கிழமை எது என்று பிடிபடாமல் மூன்றுக்கும் போய்விட்டேன். மூன்றிலும் நான் போன அன்றைக்குத் தலைவர் தேர்தல். யாராவது வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார்கள், நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை, மூன்றுக்கும் தலைவனாகிவிட்டேன். அதற்குப் பிறகு நான் எந்த நாற்காலியில் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு ஒரு நாளும் தெளிவாகத் தெரிந்ததில்லை. பிரார்த்தனையில் ஒவ்வொருவராகத் தங்கள் மனக்கஷ்டத்தைச் சொல்லி அழுதுகொண்டிருக்கும்போது, பழக்க தோஷத்தில் "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டுவிட்டேன். இன்னொரு புதன்கிழமை, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசியபிறகுதான் அது வெள்ளிக்கிழமைப் பேச்சு என்பது உறைத்தது. ஆனால் எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு இன்றுவரை தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

இது இப்படியே ஓடியிருக்கும். நாடகத்தில் ஒரு பெண் வேடத்துக்கு ஆள் இல்லை என்று டைரக்டர் கையைப் பிசைந்தார். டைரக்டர் என்றால் பகலில் பல் டாக்டர். நடிப்பவர்களையெல்லாம் இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க என்றுதான் சொல்வார். நான் வாயைக் கொடுத்து, என் மனைவி வருவாள் என்று சொல்லிவிட்டேன். போனாள். நாடகம் முழுக்க மழைக்காகக் காத்திருந்து, கடைசிக் காட்சியில் மழையில் நிற்கும் பெண்ணின் வேடம். மேடைக்கு மேலே ஓட்டை போட்ட குழாயைக் கட்டி நிஜத் தண்ணீர் விடலாம் என்றார் டாக்டர். மன்றத் தலைவன் என்ற முறையில் பேஷாகச் செய்யுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் தண்ணீர்ச் சங்கத்து மீட்டர் அம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். காலமெல்லாம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் நீட்டினால் நான் படிக்காமலே கையெழுத்துப் போடுவது வழக்கம். திங்கட்கிழமை நாடக மன்றத் தலைவருக்கு ஒரு கடுமையான கடிதம் வந்தது: ஊரே குடத்தோடு அலையும் இந்தக் கோடையில் மேடையில் தண்ணீரைக் கொட்டும் உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று. எந்த முரடன் இப்படி எழுதுகிறான் என்று கொதித்துப்போய் அடியில் கையெழுத்தைப் பார்த்தால், மைத்துனரே, நான்தான்.

பிரார்த்தனை சபையிலாவது மூச்சு விடலாம் என்று போனால், அங்கே எல்லோரும் மழைக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். பொய் மழை பெய்தால் நிஜ மழை கோபித்துக்கொண்டு போய்விடும், தலைவர் தலையிட்டு நிறுத்த வேண்டும் என்கிறார் சபைக்கு வரும் தையல்காரர். சரி என்று மூன்று தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்தேன். டாக்டர் பேசும்போது அவர் சொல்வது சரி என்று பட்டது. மீட்டர் அம்மா பேசும்போது அதைவிடச் சரி என்று பட்டது. தையல்காரர் பேசாமல் பார்த்தார், அதுவும் சரியாகத்தான் பட்டது. முழி பிதுங்கிப்போய், தண்ணீரே வேண்டாம், தகரத் தட்டில் பொடிக்கல்லை உருட்டினால் மழைச் சத்தம் வரும், அது போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஒத்திகையில் நானே உருட்டினேன். தங்கள் தங்கை மேடை நடுவில் அண்ணாந்து நின்றாள். தட்டு கடகடவென்றது. ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கி வந்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து மழை வந்தா துணி எடுக்கத்தான் மாடிக்கு ஓடியிருக்கேன். ஒரு தடவ நின்னு நனையணும்னு ஆசப்பட்டேன். அது உங்க மூணு சங்கத்துக்கும் பொறுக்கல."

சத்தம் போடவில்லை, அழவில்லை. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அன்றிலிருந்து சாப்பாடு மேஜைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை. வரும் சனிக்கிழமை நாடகம். அவள் நடிப்பாளா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை. அவள் ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை, முதன்முதலாக ஆசைப்பட்டதையும் நானே மூன்று நாற்காலியில் உட்கார்ந்து கெடுத்துவிட்டேன். இன்று காலை மூன்று பதவிகளையும் ராஜினாமா செய்து எழுதினேன். மூன்றும் தலைவர் பார்வைக்கு என்று என் மேஜைக்கே வந்து சேர்ந்தன. மிகுந்த வருத்தத்துடன் ஏற்றுக்கொண்டேன். தாங்கள் அண்ணன், தாங்கள் சொன்னால் கேட்பாள். வந்து, அந்த மழையை மறந்துவிடச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்த வேண்டும்.

தங்கள் வீட்டு அம்மாளுக்கு என் வணக்கம். குழந்தைகள் எந்தச் சங்கத்திலும் சேராமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
இப்போதைக்குத் தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், சமாதானப்படுத்தவும் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மீட்டர் அம்மா வந்து சேதி சொல்லிவிட்டுப் போனார். நான் விட்ட இடத்துக்கு மூன்று சங்கமும் கூடி ஒருமனதாகத் தங்கள் தங்கையைத் தலைவியாக்கிவிட்டதாம். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாளாம்: நாடகத்துக்கு வருகிறவர்கள் காய்கறி அலசிய தண்ணீர் ஆளுக்கு ஒரு வாளி கொண்டுவர வேண்டும், மேடையில் கொட்டுவதைத் தொட்டியில் பிடித்துத் தெருமரங்களுக்கு விட வேண்டும், முதல் சொட்டு விழும்போது பிரார்த்தனை சபை எழுந்து நின்று வேண்டிக்கொள்ளலாம். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஏணிமேல் நின்று குழாயில் ஊற்றும் வேலை எனக்கு. சற்று முன் சமையலறையிலிருந்து அவளே வந்து சொன்னாள்:

"ஒரேயடியா கவுத்துடாதீங்க. மெதுவா ஊத்துங்க. நான் ரொம்ப நேரம் நிக்கணும்."