மாப்பிள்ளை கையால் ஒரு கஷாயம்

போனில் பத்து நிமிடம் படித்துவிட்டு அடுத்தவருக்கு வைத்தியம் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு காலத்தில் நானே தலைவன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போனபோது, சீன மருந்துக்கடையில் ஒரு டப்பா வேர்ப்பொடி வாங்கினேன். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்றார் கடைக்காரர். கோயம்புத்தூரிலிருந்து புனே ஹடப்சரில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்திருந்த மாமனாருக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. மாத்திரையும் ரத்தத்துக்கு, வேரும் ரத்தத்துக்கு, சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்று முடிவு கட்டினேன். (படித்தது இன்ஜினியரிங்.)

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க," என்றாள் மனைவி வித்யா.

"வேருக்கெல்லாம் எதுக்கு டாக்டர்? சைடு எஃபெக்டே கிடையாது."

தினமும் காலையில் நானே கொதிக்கவைத்து நீட்டுவேன். மாமனார் முகம் சுளிக்காமல் குடிப்பார். மாப்பிள்ளை கொடுத்ததை மறுக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. ஈறில் ரத்தம் கசிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கையெல்லாம் கன்றியிருந்ததை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். பாவம், புனேக் குளிர் தாங்கவில்லை என்று நான் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அவருடைய இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. "கொஞ்சம் மங்கலாத் தெரியுதுங்க மாப்ள," என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஜடிபூட்டி குச் லியா க்யா?" என்றார். நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா என்று மாமனாருக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அந்தப் பொய்யையும் நானே இந்தியில் சொன்னேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்தது யார் என்று கேட்டார். மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் வித்யா. "நாந்தான் தப்பாக் கொடுத்துட்டனாப்பா?" என்று அழ ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் என் வாய் திறந்தது. அந்த வேர், மாத்திரையின் வேகத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, வித்யா என் பக்கமே திரும்பவில்லை.

உயிர் பிழைத்தார். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

இப்போதும் நான் எதை நீட்டினாலும், வெறும் மோராக இருந்தாலும், தலையைத் திருப்பி வலது கண்ணால் பார்த்து, "இதுல ஜடிபூட்டி இருக்குதுங்களா மாப்ள?" என்பார். அவர் கற்றுக்கொண்ட ஒரே இந்தி வார்த்தை அது. வீடே சிரிக்கும், வித்யா உட்பட. நான் பதில் சொல்வதற்குள் அவர் குடித்து முடித்திருப்பார்.