சூறாவளியும் நங்கூரமும்

வீட்டில்தான் கேப்டன் ஆக முடியவில்லை, ஒரு கப்பலுக்காவது ஆகிவிடுவது என்று கணக்கர் முடிவு செய்தார். பணி ஓய்வு பெற்ற கையோடு எடுத்த வீர முடிவு.

பழைய கடற்படைக் கப்பல்களில் தினமும் எழுதிவைத்த குறிப்புகளை ஓர் ஆவணக் காப்பகம் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி. அதைப் படித்துத் தட்டச்சு செய்து தரத் தன்னார்வலர்கள் தேவை. தளபதிகளின் கதையெல்லாம் ஏற்கெனவே தடித்தடிப் புத்தகமாகிவிட்டது. கரி அள்ளியவன், தளம் கழுவியவன், பல்வலியில் துடித்தவன் கதைதான் இனி வெளியே வரவேண்டும். சம்பளம் கிடையாது. ஆனால் ஒரு கப்பலின் குறிப்புகளில் யார் அதிகப் பக்கம் தட்டுகிறாரோ, அவருக்கு அந்தக் கப்பலின் கேப்டன் பட்டம்.

கணக்கர் ‘சூறாவளி’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஒரு கப்பலில் ஏறினார். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத சூறாவளி.

“என்னங்க, தரையைக் கொஞ்சம் துடைச்சுக் குடுங்களேன். இடுப்பு விட்டுப்போகுது,” என்றாள் மனைவி.

“சும்மா இரும்மா. இங்க சமையல்காரனுக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது.”

“எந்தச் சமையல்காரன்?”

“கப்பல் சமையல்காரன். புயல்ல அண்டா கவிழப் பார்த்திருக்கு. கீழ நின்ன ஆளுங்க மேல கொட்டிடக்கூடாதுன்னு கட்டிப் பிடிச்சுட்டான். ரெண்டு கையும் வெந்துபோச்சு.”

“ஐயையோ! அப்புறம்?”

“அப்புறம் என்ன, எனக்குத் தூக்கம் வருது.”

மத்தியானத் தூக்கம் அவருக்கு அலுவலகத்திலேயே பழகியது. ஆனால் அன்று தூங்கி எழுந்து பார்த்தால், கப்பலில் ‘நங்கூரம்’ என்று ஒரு புது ஆசாமி ஏறியிருந்தான். அதன் பிறகு இவர் ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் அவன் சில பக்கம் முன்னேறியிருந்தான். மாதம் முடிவதற்குள் பட்டம் அவன் கைக்குப் போய்விட்டது. கணக்கருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு, தன்னார்வலர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தில் எழுதினார்:

‘மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு, வீட்டில் என் மேலதிகாரி படுத்தும் பாடு சொல்லி மாளாது. இந்தப் பட்டம் ஒன்றுதான் எனக்கு ஆறுதல். தயவுசெய்து விட்டுக்கொடுக்கவும்.’

உடனே பதில் வந்தது. ‘தளம் கழுவாத எவரும் இந்தக் கப்பலில் கேப்டன் ஆனதில்லை. ஒரு வாரம் உங்கள் வீட்டுத் தரையைத் துடையுங்கள். மிச்சப் பக்கங்கள் முழுவதையும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.’

கணக்கர் வாளியைத் தூக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். வீடே வழுக்கியது.

“அட, என்னங்க இது அதிசயம்!”

“மேலிடத்து உத்தரவு. ஆம்பளைக்கு ஆம்பளை பேசி முடிச்சிருக்கோம். உனக்குப் புரியாது.”

“எனக்கு எங்கே புரியப்போகுது! அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்.”

வாரத்தின் நடுவில் நங்கூரத்திடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. ‘நன்று. ஆனால் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டீர்களே.’

கணக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தூசி பாய் விரித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். சமையலறையில் மூக்குக் கண்ணாடியும் கையில் செல்போனுமாக மனைவி உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்கமாட்டாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“நீயா?”

“பின்னே? காய்ச்சல்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்குக் குறட்டை விட்டுட்டீங்க. அவன் பொழைச்சானா இல்லையான்னு தெரியாம எனக்கு இருப்புக் கொள்ளுமா? நானே உள்ளே போய்ப் பார்த்தேன். அப்படியே தட்ட ஆரம்பிச்சேன், கை நிக்கலை.”

கணக்கருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வாயில் வேறு கேள்விதான் வந்தது. “பொழைச்சானா?”

“பொழைச்சான்! கரையில எறக்கி விட்டாங்க. மழைக்காலம் முடிஞ்சு திரும்பி வந்தப்போ கப்பலே கைதட்டுச்சாம்.”

கணக்கரும் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

“சொன்ன சொல் மாற மாட்டேன். வாரம் முடியட்டும், பட்டம் உங்களுக்குத்தான்,” என்றாள் மனைவி.

கட்டிலுக்கு அடியிலும் துடைத்தார். வாரம் முடிந்தது. மிச்சப் பக்கங்களை ஒரே மூச்சில் தட்டி நங்கூரத்தை முந்தினார். கேப்டன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை உரக்கப் படித்தார்.

“கப்பல் இன்று பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. கேப்டன் இறங்கிக்கொண்டார்.”

“சரி, எறங்குங்க,” என்றாள் மனைவி, செல்போனிலிருந்து கண் எடுக்காமல். “நான் அடுத்த கப்பல்ல ஏறியாச்சு. அங்கேயும் தளம் கழுவ ஆள் தேவையாம்.”