டாப்பெட் வைத்த மாப்பிள்ளை

ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சாமானின் பெயர் தெரிந்துவிட்டால் அதன் வேலையும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது. சின்னசேலத்தில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோரில் இருந்தேன். புஷ் ராடு, ராக்கர், வால்வு என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அதை மெக்கானிக்குகள் எங்கே மாட்டுகிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. (சட்டையில் கிரீஸ் ஒட்டும், பாருங்கள்.)

இந்த யோக்கியதையில், பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்ள இன்னா வேல செய்றாருங்க?" என்று கேட்டார்கள். "இஞ்சின் வேலைங்க" என்று சொல்லித் தொலைத்தேன். வருங்கால மாமனார் முகம் மலர்ந்துபோனது. அவருக்குக் களமருதூர் பக்கம் இரண்டு காணி நிலம், ஒரு கிணறு, அதில் ஒரு பழைய டீசல் இஞ்சின்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனோம். இரண்டு நாளில் திரும்புவதாக ஏற்பாடு. அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. மறியலுக்குப் போன என் மச்சானை ஜெயிலில் வைத்துவிட்டார்கள். இஞ்சினை ஓட்டுகிறவன் அவன்தான்.

மூன்றாம் நாள் காலை மாமனார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மாப்ள, இஞ்சின் லடலடன்னு சத்தம் போடுதுங்க. தண்ணியே ஏற மாட்டேங்குது. கள்ளக்குறிச்சி மெக்கானிக்கு வர வழியில்ல. நெல்லு பால் புடிக்கிற நேரம். ரெண்டு நாள் காஞ்சா எல்லாம் பதராப் பூடுங்க. நல்லவேள, நீங்க இருக்கீங்க."

அவர் பின்னால் நின்ற என் புது மனைவி அஞ்சலை மெல்ல, "யப்பா, நான் வேணா..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா கெட. மாப்ள இருக்கறப்ப நீ இன்னா!" என்றார் மாமனார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வேறு வழி?

இந்த மாதிரி சத்தத்துக்கு டாப்பெட் வைக்க வேண்டும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்; பெரிய வித்தையில்லை. கீழேயிருந்து புஷ் ராடு தள்ளும்; மேலே ராக்கர் சாய்ந்து வால்வை அமுக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி வேண்டும். ஜாஸ்தியானால் சத்தம், கம்மியானால் வால்வு சரியாக மூடாது. முக்கியமான சங்கதி, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் இடைவெளியை அளக்க வேண்டும். இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். என்ன செய்வதென்று தெரியாததால் இரண்டு புஷ் ராடையும் உருவி வெளியே எடுத்தேன். அஞ்சலையின் தையல் டேப்பை வாங்கி ஒரு டாக்டரைப் போல நீளம் அளந்தேன். "ராடுல தேய்மானம் இல்லை" என்று அறிவித்தேன். (ராடு தேய்ந்தால் மயிரிழைதான் தேயும். அது துணி டேப்பில் தெரியாது.)

"அப்டீங்களா மாப்ள!" என்றார் மாமனார் பயபக்தியோடு.

இடைவெளி அளக்கிற தகடு அங்கே இல்லை. மிச்சமிருந்த எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாங்கி, பலமாக இருக்கட்டும் என்று இரண்டாக மடித்தேன்.

"அந்தச் சக்கரத்தக் கொஞ்சம் சுத்திட்டுப் பாக்கலாங்களா?" என்று அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அதெல்லாம் தேவையில்லை. நீ போய் மோர் எடுத்துக்கினு வா."

அவள் போய் மோர் எடுத்து வந்தாள். எவ்வளவு நல்ல பெண் பாருங்கள்.

ராடுகளை மறுபடி உள்ளே நிறுத்தி, வால்வு பாதி திறந்திருந்த நிலையிலேயே பத்திரிகையைச் சொருகி, அது நுழையும்வரை திருகைத் தளர்த்தி, நட்டை இறுக்கினேன். மூடியைப் போட மறந்துவிட்டேன். மாமனார் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். இஞ்சின் கிளம்பியது. தகர டப்பாவுக்குள் கருங்கல்லைப் போட்டு உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு புஷ் ராடு துள்ளிக் குதித்து வெளியே வந்தது. கூடவே வந்த ஆயில் என் புதுச் சட்டையில் பாதியையும் முகத்தில் முக்காலையும் நனைத்தது. இஞ்சின் நின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை.

"இஞ்சினுக்கு வயசாயிட்ச்சிங்க மாப்ள, உங்க மேல தப்பில்ல" என்றார் மாமனார். மாமியார் ஒருபடி மேலே போய், "மாப்ளைக்குக் கண்ணு பட்டுட்ச்சி" என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நான் வரப்பைத் தாண்டிப் பார்த்தேன். பயிர் நுனி சுருளத் தொடங்கியிருந்தது. பிள்ளையையும் ஜெயிலில் விட்டுவிட்டு இந்த மனுஷன் எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொல்கிறாரே என்று நினைத்தபோது, நிஜமாகவே அழுகை வந்தது. ஆனாலும் குழம்பை விடவில்லை.

சாப்பிட்டதும் பாய் விரித்து, "கொஞ்சம் படுங்க மாப்ள" என்றார்கள். வெட்கத்தில் கண்ணை மூடியவன் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது கிணற்றுப் பக்கம் இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போனது. அஞ்சலை வந்து காப்பி கொடுத்தாள். வளையலிலும் நகத்திலும் கிரீஸ்.

"நீங்க வச்சதுதாங்க மாப்ள. சூடு ஆறினதும் சரியாப் பூட்ச்சி" என்றார் மாமனார்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நான்தான் நினைச்சேனே, கொஞ்சம் ஆறணும்னு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மூன்று பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள். மூன்று பேர் இஞ்சினும் மக்கர். அவர்களுக்கும் நெல் அதே பருவம். மாமனார் நெல் பிழைத்தது என் அதிர்ஷ்டம். இன்னும் மூன்று குடும்பத்து நெல்லை என் டேப்பை வைத்துச் சாகடிக்க மனசு வரவில்லை. எழுந்து நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. எனக்கு இஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் ஸ்டோர்ல சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். நேத்து சரி பண்ணது நான் இல்லை, அஞ்சலை."

கண்ணைத் திறந்தேன். மூவரில் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது தெரியும்ங்க மாப்ள. அஞ்சாறு வருசமா இந்தத் தெரு இஞ்சின் அத்தினிக்கும் டாப்பெட் வைக்கிறது பாப்பாதாங்க. இப்ப அது உங்க வூட்டுப் பொண்ணு ஆயிட்ச்சி. அனுப்பி வைக்க உங்க உத்தரவு கேக்கத்தான் வந்தோம்."

உத்தரவு கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வரப்பில் நடந்தேன். அவள் புஷ் ராடைக் கருங்கல்லில் உருட்டிக் கோணல் பார்த்தாள், சக்கரத்தைச் சுற்றி நிறுத்தினாள், சவர பிளேடு இரண்டைச் சேர்த்துச் சொருகி அளந்தாள். மூன்று இஞ்சினும் அன்றைக்கே ஓடின.

இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸியோ மோட்டாரோ எது பழுதானாலும், முதலில் யாராவது எனக்குப் பாய் விரித்துவிடுகிறார்கள். போன மாதம் பேத்தியின் சைக்கிள் செயின் கழன்றது. ஐந்து வயசுக் குழந்தை, தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, கொஞ்சம் படுங்க" என்றது. நானும் படுத்தேன். எழுந்து பார்த்தால் சைக்கிள் ஓடுகிறது.